ஏழு மணி நேரக் கூலி

“யம்மா, உனக்கு வேல செஞ்சதுக்குக் காசு தராங்களா, அங்க இருந்ததுக்குத் தராங்களா?”

ஷைனி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. பிரேக் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சுகிர்தாவின் லைன் முழு ஷிப்டும் நின்று கிடந்தது. பெண்கள் ஸ்டூலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு முழுச் சம்பளத்தோடு வீடு திரும்பினார்கள். அதே நாளில் அவள் கணவன் விமல் தன் மினி வேனைக் கவரைப்பேட்டைக்கும் சிப்காட்டுக்கும் நான்கு நடை ஓட்டியிருந்தான். பாதிக் கம்பெனிகள் லீவு விட்டதால் ஆள் ஏறவில்லை. டீசல் காசுகூடத் தேறவில்லை. இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுக்கொண்டே தோசை தின்ற பிள்ளைக்கு இந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

“ரெண்டுக்குந்தான். தின்னு,” என்றாள் சுகிர்தா.

பிள்ளைகள் கேட்பது விளங்கிக்கொள்ள. நாம் பதில் சொல்வது பெரும்பாலும் அவர்கள் வாயை அடைக்க. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தனக்கே தெரியாது என்பது மூன்று வருடம் கழித்து, ஜி.என்.டி. சாலையோரம் ஒரு மெக்கானிக் ஷெட்டில், கையில் பில்லோடு நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது.

வேனின் கிளட்ச் போய்விட்டது. போனதுதான் போனது, நல்ல நாள் பார்த்துப் போயிற்று. திங்கட்கிழமை வண்டிக்கு எஃப்.சி. நாள். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் அந்தச் சான்று இல்லாமல் ஆள் ஏற்ற முடியாது. பேக்கிங் கம்பெனிக்குப் போகும் பதினான்கு பெண்கள் மாதக் கூலி பேசி அவன் வேனில்தான் போய்வந்தார்கள். ஒன்றாம் தேதி வண்டி வராவிட்டால் வேறு வேன் பிடித்துவிடுவோம் என்று அவர்கள் சொல்லியும் விட்டார்கள். அதில் தப்பும் இல்லை. ஐந்து நிமிடம் பிந்தினால் அவர்களுக்கு அரைநாள் சம்பளம் பிடிப்பார்கள்.

கையில் இருந்தது சீட்டு எடுத்த பணம் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு. எஃப்.சி.க்குப் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, கட்டணம் கட்ட ஐயாயிரம் வேண்டும். மீதி எட்டாயிரத்து ஐந்நூறுக்குள் கிளட்ச் வேலை முடிந்தாக வேண்டும். ஷெட்டு முதலாளி வீரராகவன் போனில், “எட்டு, எட்டே காலுக்குள்ள முடிச்சிடலாம் விமலு, கொண்டாந்து வுடு,” என்றிருந்தார்.

அந்த வாரம் வியாழக்கிழமை சுகிர்தாவுக்கு லீவு விழுந்தது. விமல் பெயின்டரைப் பார்க்கப் போக, அவள் ஷெட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். முன்பு தகரக் கொட்டகையாக இருந்த இடம் அது. இப்போது முகப்பில் கண்ணாடிக் கதவு, ஏ.சி. அறை, கம்ப்யூட்டர், பெருமாள் படத்துக்குச் சீரியல் விளக்கு. பின்னால் வேலை நடக்கும் இடம் மட்டும் பழைய தகரம்தான். அங்கே ஒரு மின்விசிறிகூட இல்லை.

வேலை செய்தவன் பெயர் ரஷீத். பழவேற்காட்டுக்காரன், முப்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவன். அவன் வண்டியை மேலே ஏற்றிய நிமிடமே சுகிர்தா பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். அது அவள் கம்பெனிப் பழக்கம். லைனில் மணிக்கு ஒருதரம் போர்டில் எழுத வேண்டும்: எத்தனை பீஸ் வந்திருக்க வேண்டும், எத்தனை வந்தது, குறைந்தால் ஏன் குறைந்தது. பதினோரு வருடம் எழுதிய கை யாராவது வேலை செய்வதைப் பார்த்தால் அடங்கி இருக்காது. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவனுக்குக்கூட ஒரு இலைக்கு எத்தனை செகண்டு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவாள். அதற்கு விமல் அவளைக் கேலி செய்யாத நாள் இல்லை.

பத்து இருபது, வண்டி ஏறியது. பத்து ஐம்பத்தைந்து, கியர்பாக்ஸ் இறங்கியது. பதினொன்று ஐந்து, பழைய பிளேட் வெளியே. பிறகு ரஷீத் வண்டிக்கு அடியில் ஒரு கையை மேலே வைத்தபடி அசையாமல் நின்றான். நின்றான், நின்றுகொண்டே இருந்தான். பதினொன்று ஐந்திலிருந்து பதினாறு வரை ‘சும்மா’ என்று எழுதினாள். பதினொன்று ஐம்பது, புதுப் பிளேட் உள்ளே. ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால், சாப்பாடு. இரண்டு நாற்பது, கியர்பாக்ஸ் ஏறியது. மூன்று ஐந்து, ஓட்டிப் பார்த்தது. சாப்பாட்டு நேரம் போக, சரியாக நான்கு மணி நேரம்.

விமல் திரும்பி வந்ததும் இருவரும் ஏ.சி. அறைக்குள் போனார்கள். கம்ப்யூட்டர் பில்லைத் துப்பியது. கிளட்ச் சாமான் நாலாயிரத்து இருநூறு. கிளட்ச் மாற்றக் கூலி, மணிக்கு ஐந்நூற்று ஐம்பது வீதம் ஏழு மணி நேரம், மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது. கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றக் கூலி ஆயிரத்து எண்ணூறு. மொத்தம் ஒன்பதாயிரத்து எண்ணூற்று ஐம்பது.

விமல் பணத்தை எண்ண ஆரம்பித்தான். எண்ணும்போதே எஃப்.சி. கைவிட்டுப் போவது அவன் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எண்ணினான். அவன் சுபாவம் அப்படி. சண்டையென்றால் தன் பக்கம் நியாயம் இருந்தாலும் ஒதுங்கிப் போகிறவன். சுகிர்தா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஏழு மணி நேரம்னு போட்டிருக்குது சார். நான் இங்கதான் குந்திக்கினு இருந்தேன். நாலு மணி நேரந்தான் வேல நடந்துது.”

வீரராகவன் சிரித்தார். அவருக்கு இது புதிதில்லை. வண்டி தயாரிக்கும் கம்பெனி ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று புத்தகம் போட்டிருப்பதாகவும், கிளட்சுக்கு அதில் ஏழு மணி நேரம் என்றும், பெரிய ஷெட் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம் என்றும் சொன்னார். “எங்க ஆளு கெட்டிக்காரன், நாலுல முடிச்சிட்டான். அதுக்கு நாங்க நஷ்டப்படணுமா மேடம்? உங்களுக்கும் வண்டி சீக்கிரம் கெடச்சுதா இல்லியா?”

“எங்க கம்பெனிலயும் புஸ்தகம் இருக்குது சார்,” என்றாள் சுகிர்தா. “மணிக்கு அறுபது பீஸுன்னு போட்டிருப்பாங்க. நான் கெட்டிக்காரியா எண்பது போட்டா எண்பதுக்குச் சம்பளம் தர மாட்டாங்க. மறுநாளு புஸ்தகத்துல எண்பதுன்னு மாத்தி எழுதிடுவாங்க. அப்பறம் அறுபது போட்டா இன்னாத்துக்குக் கொறஞ்சுதுன்னு கேப்பாங்க. உங்க புஸ்தகம் மட்டும் எப்பிடி சார் உங்க பக்கமே பேசுது?”

பில் கட்டக் காத்திருந்த ஒரு சிமென்ட் லாரி டிரைவர் பக்கென்று சிரித்துவிட்டார். விமல் மெதுவாக, “வுடு சுகி, பேஜாரு,” என்றான். அவள் விடவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்து, கை துடைத்துக்கொண்டிருந்த ரஷீதை உள்ளே கூப்பிட்டாள். ஏ.சி. அறைக்குள் வந்து பழக்கமில்லாதவன்போல அவன் மிதியடியிலேயே நின்றான்.

“தம்பி, உனுக்கு இன்னிக்கி ஏழு மணி நேரக் கூலியா தருவாங்க?”

அவன் முதலாளியைப் பார்த்தான். “நாளுக்குத் தொள்ளாயிரம்கா.”

சுகிர்தா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இரண்டு மணி நேரத்துக்கு இவர் வாங்குவதுகூட இல்லை, இவனுடைய ஒரு நாள் கூலி. சீக்கிரம் முடித்தது இவன் கை. அதற்குக் காசு வாங்குவது அவர் கை. தன் லைனில் பதினோரு வருடமாகத் தான் விழுங்கிய கோபமெல்லாம் இந்த மிதியடியில் எண்ணெய்க் கையோடு நிற்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

வீரராகவனும் விட்டுக்கொடுக்கவில்லை. இடத்துக்கு வாடகை யார் தருவார், வண்டியைத் தூக்கும் மெஷினுக்கு வட்டி யார் கட்டுவார், ஆறு மாதத்துக்குள் கிளட்ச் மறுபடி போனால் ஒரு பைசா வாங்காமல் செய்து தருவேனே அதற்குக் காசு எங்கிருந்து வரும் என்று அடுக்கினார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கூலி என்பது ஸ்பானர் திருகிய நேரத்துக்கு மட்டும் தருவதல்ல என்பது சுகிர்தாவுக்கும் புரிந்தது. புத்தகத்தில் ஏழு என்றால் ஏழு; ஆனால் அதை வண்டி ஏற்றும் முன்பு சொல்லியிருக்க வேண்டும். சொன்ன விலை ஒன்று, போட்ட விலை ஒன்று என்றால் எந்தப் புத்தகமும் காப்பாற்றாது.

அப்போதுதான் அவள் விரல் நோட்டில் ஓடி ஒரு இடத்தில் நின்றது. கியர்பாக்ஸ் இறங்கியது, பிளேட் வெளியே வந்தது, கியர்பாக்ஸ் ஏறியது. பிளேட் நடுவில் இருந்தது. கம்பெனியில் ஒரு வேலைக்குள் அடங்கிய வேலையை இரண்டாம் தடவை எண்ணினால் அதற்கு மெமோ தருவார்கள்.

“தம்பி, இன்னும் ஒண்ணே ஒண்ணு. கியர்பாக்ஸக் கழட்டாம கிளட்ச மாத்த முடியுமா?”

வீரராகவன் ரஷீதைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரைப் பார்த்தார். பார்க்காமல் இருந்ததே ஒரு உத்தரவு போலத்தான் இருந்தது. லாரி டிரைவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“முடியாதுக்கா,” என்றான் ரஷீத். “கிளட்ச் வேலன்னாலே அதுவும் சேந்ததுதான்.”

சொல்லிவிட்டு, யாரும் போகச் சொல்லாமலே வெளியே போய்விட்டான்.

“அப்ப இந்த ஆயிரத்து எண்ணூறு எதுக்கு சார்?” என்று கேட்டது சுகிர்தா அல்ல, லாரி டிரைவர். அவர் தன் பில்லையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கியிருந்தார்.

வீரராகவன் கம்ப்யூட்டரைத் திட்டினார். பில் போடும் பெண்ணைத் திட்டினார். கடைசியில் பேனாவால் அந்த வரியை அடித்து, எட்டாயிரத்து ஐம்பது என்று எழுதினார். பணத்தை வாங்கி டிராயரில் போட்டபடி, “உன் சம்சாரத்த எங்க கவுண்டர்ல ஒக்கார வெச்சுடலாம் போலக்குதே விமலு,” என்றார்.

“வெச்சா நீங்க கடைய மூடிடுவீங்கண்ணா,” என்றான் விமல். அன்று முழுவதும் அவன் பேசிய நல்ல வாக்கியம் அதுதான்.

திங்கட்கிழமை எஃப்.சி. முடிந்தது. ஒன்றாம் தேதி பதினான்கு பெண்களும் வேனில் ஏறினார்கள். கதை கம்பெனிக்குள் பரவியது. சுகிர்தாவுக்கு ஆடிட்டர் அக்கா என்று பெயர் விழுந்தது. சாப்பாட்டு நேரத்தில் மிக்சி ரிப்பேர் பில், வாட்ச் ரிப்பேர் பில், பல் பிடுங்கிய பில் எல்லாம் அவள் முன்னால் வந்தன. ஒருத்தி தன் மாமியார் எழுதி வைத்த மளிகைக் கணக்கைக்கூடக் கொண்டு வந்தாள். சுகிர்தாவுக்கு அது பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கண்ணை மூடி நன்றி சொல்லும்போதுகூட, நியாயம் கிடைத்ததற்கு ஒரு பங்கும் வீரராகவனின் முகம் சுண்டியதற்கு ஒரு பங்குமாகத்தான் அவள் நன்றி சொன்னாள். கர்த்தர் அதையும் கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் போயிற்று. ஒரு நாள் காலை வேனில் ஏதோ லேசாக உரசுகிற சத்தம் வந்தது. வேலை முடிந்த அன்று ரஷீத் ஒரு துண்டுச் சீட்டில் தன் நம்பரை எழுதி, எதாவது சத்தம் வந்தால் கூப்பிடுங்கள் என்று விமலிடம் கொடுத்திருந்தான். விமல் அந்த எண்ணை அழைத்தான். இந்த எண்ணுக்கு அழைப்புகள் வரும் வசதி இல்லை என்று ஒரு பெண் குரல் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னது. நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன் மத்தியானம் திரும்பி வந்து, சாப்பிட்டு முடித்தான். சத்தம் ஒன்றுமில்லை, அடியில் ஒரு தகடு தளர்ந்திருந்தது, ரஷீத் காசு வாங்காமல் முடுக்கிவிட்டான் என்று மட்டும் சொன்னான்.

“அப்பறம் இன்னா? மூஞ்சி ஏன் இப்பிடி கீது?”

மற்றதை அவன் ஷெட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஜானகியம்மாளிடம் கேட்டு வந்திருந்தான். அந்த ஆயிரத்து எண்ணூறை வீரராகவன் ரஷீதின் கூலியில் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை தோறும் அறுநூறு, மூன்று சனிக்கிழமை. உன் வாயால போன காசு, உன் கூலிலயே வரட்டும் என்று நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில் வைத்துச் சொன்னாராம்.

அது மட்டுமில்லை. கிளட்ச் உரசும் அந்தக் கனத்த இரும்புச் சக்கரம், அதுதான் பிளைவீல், அதையும் சேர்த்து மாற்றச் சொல்லி அன்றைக்கே அவனிடம் சொல்லியிருந்தாராம். இவன் பத்து நிமிடம் அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அங்கேயே எனக்கு நாலாயிரம் போச்சு, இவனை வெச்சுக்கினு நான் கடை நடத்துறேன் பாரு என்று வீரராகவன் டீக்கடையில் புலம்பினார் என்றும் ஜானகியம்மாள் சொல்லியிருந்தார்.

சுகிர்தா எழுந்து போய் நோட்டை எடுத்தாள். பதினொன்று ஐந்திலிருந்து பதினொன்று பதினாறு. சும்மா.

அந்தப் பதினோரு நிமிடத்தில்தான் அவன் அவளுக்கு நாலாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறான். யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல், முதலாளி சொன்னதை மீறி. அவள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த நேரத்தை வீண் என்று எழுதியிருக்கிறாள். பேனாவை எடுத்து ‘சும்மா’வை அடித்தாள், பக்கத்தில் ‘பார்த்தான்’ என்று எழுதினாள். எழுதியும் மனம் ஆறவில்லை.

கோபம் அவளுக்குக் காலிலிருந்து ஏறியது. திருடியது ஒருவன். திருட்டைத் திருப்பிக் கொடுத்ததுபோல நடித்ததும் அவன். கடைசியில் அந்தக் காசு யார் வயிற்றிலிருந்து வந்தது? வெயிலில் தகரத்துக்கு அடியில் நின்று, இருக்கிறதை இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னவன் வயிற்றிலிருந்து. அவள் வாங்கிய நியாயத்துக்கு அவன் விலை கொடுத்திருக்கிறான். அந்தக் காசில்தான் எஃப்.சி. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அந்த வண்டியில்தான் மூன்று வாரமாக ஆள் ஏறுகிறது. அவள் ஆடிட்டர் அக்கா என்று பெயர் வாங்கிக்கொண்டு பந்தாவாகத் திரிந்திருக்கிறாள்.

“போன் வேற அடங்கிப் போச்சுல்ல,” என்றான் விமல். எளாவூர்ப் பக்கமும் தச்சூர்ப் பக்கமும் ஞாயிற்றுக்கிழமையில் வண்டி நின்றுபோனால் ஆட்கள் ரஷீதைத்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சில்லறைதான் அவனுக்கு மேல்காசு. கையில் அறுநூறு குறைந்ததும் முதலில் வெட்டியது ரீசார்ஜைத்தான். வீட்டுக்காரி பர்ஹானாவின் போனில்தான் எதுவானாலும் பேசுகிறானாம். அவளுடைய எண் வெளியாட்களுக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் சுகிர்தா ஷெட்டுக்குப் போனாள். விமலிடம் சொல்லவில்லை. அந்த மாத ஓ.டி. காசில் ஆயிரத்து எண்ணூறைக் கைக்குட்டையில் முடிந்திருந்தாள். பணத்தை ரஷீதிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போவது, வீரராகவனை நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்பது என்பது திட்டம். என்னென்ன கேட்க வேண்டும் என்று ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தாள்.

ரஷீத் பின்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான். அவள் கைக்குட்டையை நீட்டியதும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

“வேணாம்கா.”

“இது எங்காசு இல்ல தம்பி, உன்னுது. எங்கிட்ட தப்பா வந்துட்டுது.”

“நான் பாத்தத சொன்னேன், அவ்ளோதான். இப்ப உங்ககிட்ட காசு வாங்கினா அத வித்தா மாதிரி ஆயிடும். சாட்சி சொன்னவன் அதுக்குக் கூலி வாங்கக் கூடாதுக்கா.”

“அப்ப நான் உள்ள போயி அந்தாளையே கேக்குறேன். உங்கிட்ட புடிச்சத அவரே எடுத்து வெக்கட்டும்.”

அவன் முகம் மாறியது. ஒரு அடி முன்னால் வந்து, தணிந்த குரலில் சொன்னான்.

“உங்களுக்குப் புண்ணியமாப் போவும், போவாதீங்க. நீங்க பேசிட்டு ஊட்டுக்குப் போயிடுவீங்க. நாளைக்கு நான் இங்கதான் வந்து நிக்கணும். மாதவரத்துல ஒரு எடம் சொல்லி வெச்சிருக்கேன், அது கெடைக்கிற வரைக்கும் எனக்கு இந்த வேல வேணும். நீங்க ஒரு வார்த்த பேசினா இன்னிக்கே கணக்க முடிச்சிடுவாரு.”

சுகிர்தா கைக்குட்டையை மறுபடி பைக்குள் வைத்தாள். அவள் கோபத்தில் ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. ஆனால் அதை எங்கே இறக்கினாலும் இவன் தலையில்தான் விழும். நியாயமான கோபத்துக்கும் சில நேரம் வாசல் இருப்பதில்லை.

திரும்பி முன்பக்கமாக வந்தாள். கண்ணாடிக் கதவு திறந்து வீரராகவன் போனில் பேசியபடி வெளியே வந்தார். அவளைக் கண்டதும் போனைக் காதிலிருந்து எடுத்து, “இன்னா மேடம், இன்னொரு பில்லா?” என்று சிரித்தார்.

அவர் சிரித்த வாயை அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு, “இல்ல சார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்,” என்றாள். அப்படிச் சொன்னது அன்று எட்டு மணி நேர ஷிப்டைவிடக் கனமாக இருந்தது. ரோட்டைத் தாண்டி ஜானகியம்மாள் கடையில் டீ வாங்கினாள், பாதிகூடக் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் எதையும் கேட்கவில்லை, எதற்கும் நன்றி சொல்லவில்லை. பக்கத்தில் ஷைனி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். வாங்கமாட்டேன் என்கிறவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று மட்டும் சுகிர்தா யோசித்தாள். டீக்கடையில் அவன் பேருக்குக் கட்டலாம், ஜானகியம்மாள் சொல்லிவிடுவார். பர்ஹானாவிடம் கொடுக்கலாம்; அவள் புருஷனிடம் மறைக்க வேண்டிவரும், அது இன்னொரு பாவம். கவரில் போட்டு அவன் பைக்கில் செருகலாம். ஆயிரத்து எண்ணூறைப் பார்த்தால் யார் வைத்தது என்று குழந்தைக்கும் தெரியும், மறுநாளே வேனைத் தேடி வந்து திருப்பிக் கொடுத்துவிடுவான். திருப்பித் தர முடியாத ஒன்றாக அது இருக்க வேண்டும். பெயர் இல்லாததாக இருக்க வேண்டும். அவனுக்கு உண்மையிலேயே உதவுவதாகவும் இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் நிறையக் கூட்டம். அவள் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு, மற்றவர்கள் கை கழுவ வரிசையில் நின்றபோது சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போனாள். அங்கே யாரும் இல்லை. காவலாளியும் கேட்டுக்கு மறுபக்கம் நிழலில் இருந்தார்.

விமலின் மேல்சட்டைப் பையிலிருந்து காலையில் எடுத்து வந்த துண்டுச் சீட்டைப் பிரித்துவைத்து, போனில் ரீசார்ஜ் பக்கத்தைத் திறந்தாள். எண்ணைப் போட்டாள். ஒரு மாதம், மூன்று மாதம் என்று பட்டியல் வந்தது. கடைசி வரை தள்ளிக்கொண்டே போனாள். ஒரு வருடம். ஆயிரத்து எண்ணூறுக்கு மேலே கொஞ்சம் கேட்டது; அந்தக் கொஞ்சத்தை அவள் கணக்குப் பார்க்கவில்லை. பத்து எண்களையும் சீட்டோடு ஒருதரம், வாய்விட்டு இன்னொருதரம் சரிபார்த்தாள். ரகசிய எண்ணை அழுத்தினாள்.

அந்தப் பக்கம் போகும் குறுஞ்செய்தியில் ரீசார்ஜ் ஆயிற்று என்று இருக்கும். யார் செய்தது என்று இராது. அவன் யாரோ நம்பர் மாற்றிப் போட்டுவிட்டதாக நினைப்பான். இரண்டு நாள் அந்த யாரோவைத் தேடவும் செய்வான், அப்படிப்பட்டவன்தான். தேடட்டும். அடுத்த ஞாயிறு எளாவூர் மேம்பாலத்தில் ஏதாவது ஒரு வண்டி நின்றுபோனால் அவன் போன் அடிக்கும், அது போதும்.

வெற்றி என்று திரையில் பச்சை நிறத்தில் வந்தது. தன் போனுக்கு வந்த செய்தியை அழித்தாள். மணி போகிறதா என்று ஒரே ஒருதரம் அடித்துப் பார்க்க விரல் துடித்தது. அடித்தால் அவள் எண் அதில் பதிந்துவிடும். துண்டுச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போனை அணைத்து, இரண்டாவது மணி அடிக்கும் முன்பே லைனுக்குத் திரும்பினாள்.